உப்புக் கிட்டங்கித் தராசு

1

நம் ஊர் மலருக்கு ஆண்டுதோறும் ஏதேனும் எழுதியனுப்பும்படி கேட்கிறீர்கள். இதுவரை லிஸ்பன் நகரத்து ஆற்றைப் பற்றியும், இங்குள்ள கோயில் திருநாள்களைப் பற்றியும் எழுதினேன். இம்முறை எழுதப்போவது ஒரு தராசைப் பற்றி. அதை எழுதுவதற்கான நாள் வரும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தேன். அந்த நாள் சென்ற மாதம் வந்தது.

என்னை அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சூசை. சங்கு குளித்த மரியானின் மகன். முதலில் கப்பலில் கயிறு பிடித்தேன். பின்பு இந்நாட்டில் இறங்கி, கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றேன். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நான் கற்ற எழுத்தெல்லாம் கப்பலில் கிடைத்த பழைய மலர்களிலும் செய்தித்தாள்களிலும் கற்றது. பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்க. ஆனால் பெயர்களை மட்டும் திருத்த வேண்டா.

என்னை அறிந்த முதியவர்களுக்கு இவ்வளவு அறிமுகம் தேவையில்லை. "சோத்துச் சூசை" என்றால் போதும். மாதா கோயில் தெருவிலிருந்து பழைய துறைமுகம் வரை அந்தப் பெயருக்கு ஆள் தெரியும்.

2

இந்நாட்டுக்கு நான் வந்த புதிதில், மொழி எனக்கு எளிதாகவே கைவரும் என்று எண்ணியிருந்தேன். சன்னல், சாவி, மேசை, அலமாரி என்று நம் வீட்டிலிருந்த பாதிப் பொருள்களின் பெயர், முன்பு இவர்களிடமிருந்தே நமக்கு வந்தது ஆதலால், இவர்களுக்கு விளங்கியது. அந்தத் துணிவில் குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரியாக இருந்த பெண்மணியிடம் சரளமாகப் பேசிவிட்டேன். பேசியது முழுவதும் நம் ஊரில் "ஏளா" என்று கூப்பிடுவதற்கு ஒப்பான ஒருமையில் என்பது பிறகுதான் தெரிந்தது. என் கோப்பு அடியில் போயிற்று. அது மேலே வந்தபோது என் பெயர் மாறியிருந்தது.

கடவுச்சீட்டில் என் பெயரும் தந்தையின் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, என்னை "திருவாளர் மரியான்" ஆக்கிவிட்டார்கள். திருத்தக் கேட்டு அலைந்தேன். "அது உங்கள் தந்தையின் பெயர்தானே? அதில் என்ன தவறு?" என்று அந்த அம்மையார் கேட்டார். என் தந்தை என்னைப் பற்றிக் கடைசிவரை என்ன எண்ணியிருந்தார் என்பதை அந்த மேசையருகே நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அன்றிலிருந்து இந்நாட்டின் எல்லாத் தாள்களிலும் நான் மரியான்.

அந்தப் பிழை ஒருநாள் எனக்குப் பயன்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

3

இனி ஊருக்கு வருகிறேன்.

எனக்கு இருபது வயதிருக்கும்போது, படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கொட்டகையில் ஜூடோ கற்பித்தார். தோணியின் கிழிந்த பாய்த்துணியில் தென்னைநாரை அடைத்துத் தைத்த மெத்தையில் விழுந்து எழுந்தோம். ஜூடோவில் எடைப்பிரிவு உண்டு. நான் அறுபது கிலோவுக்கு உட்பட்டவன். மில்லர்புரத்துத் துரைராஜும் அதே பிரிவு. பகைவரையும் இக்கட்டுரையில் "அவர்" என்றே எழுதுகிறேன். அது எழுத்துக்கு நான் செய்யும் மரியாதையே அன்றி அவருக்கு அன்று.

துரைராஜ் இயல்பிலேயே மெலிந்தவர். எடையைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததில்லை. எனக்கோ போட்டிக்குப் போட்டி உடம்பைக் குறைத்தாக வேண்டும். ஆனால் மெத்தையில் அவர் என்னை ஒருமுறையும் வீழ்த்தியதில்லை. நான் அவரை வீழ்த்திய தடவைகளுக்குக் கணக்கில்லை. விழுந்தவுடன் சிரிப்பார். "ஏலே சூசை, ஒன் கை என்னலே கப்பல் கொக்கியா?" என்பார். அந்தச் சிரிப்பை நான் நட்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு அணி எடுக்கும் தேர்வு வந்தது. எங்கள் பிரிவில் ஒருவருக்கே இடம். நண்பகல் வெயிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உப்பளத்து வரப்புகளில் ஓடினேன். உப்பு வெள்ளையின் மேல் அடிக்கும் வெயில் கீழிருந்தும் சுடும். உதடு வெடித்து, பேசினால் குருதி கசிந்தது. சோறும் தண்ணீரும் ஏறத்தாழ நிறுத்திவிட்டேன். என் தந்தை வீட்டு வாசலில் வலையைக் காயவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நாங்க கடலுக்குள்ள எறங்குததுக்குக் கல்லக் கட்டுவோம். நீ கப்பலேறி வெளிநாடு போறதுக்கு ஒடம்புல கெடக்க கல்ல அவுக்கியோ? அவுத்துப் போடு, அவுத்துப் போடு. போயிட்டு வா, பாப்பம்."

அவர் என்னை மெச்சிப் பேசியது அந்த ஒருமுறைதான்.

தேர்வுக்கு முந்திய நாள், இன்னும் எவ்வளவு குறைய வேண்டும் என்று தெரியாமல் தவித்தேன். துரைராஜ்தான் வழி சொன்னார். அவருடைய தகப்பனார் உப்பு மூட்டைகளைச் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் மேலாள். அங்கே மூட்டை நிறுக்கும் தராசு உண்டு. அவரே என்னை அழைத்துப்போய் அதன் மேல் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏலே சூசை, அம்பத்தொம்பதுகூட இல்லலே. எடை சரியாத்தான் இருக்கு. வீட்டுக்கு வா. வயிறு நெறையச் சாப்பிடு. நாளைக்கு மெத்தையில நிக்கணும்லா?"

அவர் வீட்டில் சீலா மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். நான் உண்டேன். மறுசோறு வாங்கி உண்டேன். அவர் எதிரே அமர்ந்து, குழம்பை ஊற்றச் சொல்லித் தம் தாயாரிடம் கூறிக்கொண்டே இருந்தார். அவர் உண்ணவில்லை. பசியில்லை என்றார்.

மறுநாள் காலையில் தேர்வு அலுவலர்கள் முன் மருத்துவமனைத் தராசில் ஏறினேன். அறுபதைத் தாண்டி முள் நின்றது. இறங்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினேன். அப்போதும் தாண்டியே நின்றது. குறைப்பதற்கு நேரம் இல்லை. என் பெயரை அடித்தார்கள். எங்கள் பிரிவில் எஞ்சியவர் துரைராஜ் ஒருவரே. மெத்தையில் ஏறாமலே தேர்வானார்.

அன்று மாலைக்குள் ஊர் முழுதும் பேச்சாயிற்று. "வெளிநாட்டுப் போட்டிய ஒரு தட்டு சோத்துக்கு வித்தவன்" என்றார்கள். மறுசோறு வாங்கியதுவரை ஊருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னது யாராக இருக்க முடியும்? மணப்பாட்டில் எனக்குப் பேசியிருந்த பெண்வீட்டார், "நாக்கை அடக்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி அடக்குவான்" என்று விலகிக்கொண்டார்கள். அதன்பின் நான் சோறு உண்ண உட்காரும்போது என் தந்தை என் தட்டைப் பார்ப்பார்; பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏச்சைவிட அது மோசமாக இருந்தது.

4

நான் ஊரை விட்டுக் கப்பலேறிய வாரத்தில்தான் உண்மை தெரிந்தது. துறைமுகத்தில் உப்புமூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம், வேறு எதையோ பேசும்போது, அந்தக் கிட்டங்கித் தராசில் ஏறிப் பார்த்த கதையைச் சொன்னேன். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உப்புத் தராசுலயா ஆள நிறுத்தாக? ஏலே, அதுல நீ என்ன, ஒங்க அய்யாவே ஏறுனாலும் பிள்ளைக் கணக்கால்லா காட்டும்."

பிறகு விளக்கினார். உப்பு ஈரத்தோடு மூட்டையாகும். வண்டியில் போகப்போக வடியும். சேருமிடத்தில் எடை குறைந்தால் பேச்சு வரும். ஆகையால் கிட்டங்கிகளில் தராசை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும்படி வைத்திருப்பார்கள். மூட்டையில் தானாகவே கூடுதலாக உப்பு விழும். அதில் ஏமாற்று இல்லை. உப்புத் தொழிலில் உள்ள அனைவரும் அறிந்த வழக்கம். கடலோரத்தில் பிறந்து, உப்பளத்தைத் தாண்டித் தாண்டி நடந்தும், உள்ளே போகாத என்னைப் போன்றவனுக்கு அது தெரியாது. கிட்டங்கி மேலாளின் மகனுக்கு அது தெரியாமலிருக்க வழியே இல்லை.

அப்போது என் தந்தை கடலில் இருந்தார். கப்பல் காத்திருக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போனேன். அவருக்கு எழுத்து தெரியாது; பிறர் படித்துச் சொல்லும் கடிதத்தில் அதை எழுத மனம் வரவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது நான் வேறொரு கடலில் இருந்தேன். மகன் சோற்றுக்குத் தோற்றவன் என்று நம்பிக்கொண்டே அவர் மண்ணுக்குள் போனார். நான் துரைராஜுக்கு எழுதி வைத்திருந்த குற்றப்பத்திரிகையில் இது ஒன்றுதான் மன்னிக்க இயலாதது. மற்றவற்றை விட்டுவிட்டிருப்பேன்.

துரைராஜ் அதன்பின் நன்றாகவே வாழ்ந்தார். பயிற்சியாளரானார், சங்கத்தில் பதவி பெற்றார், அணிகளோடு நாடு நாடாகப் போனார். அவருடைய படம் செய்தித்தாளில் வந்தபோதெல்லாம் யாரேனும் அனுப்பிவைத்தார்கள்.

5

என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். மகள் ரீத்தா மருத்துவமனையில் செவிலி. தமிழ் பேசுவாள், பேசுவதற்கு முன் ஒருகணம் நிறுத்தி, எங்கிருந்தோ எடுத்துவருவாள். அவள் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பிள்ளைகள் மொழியை மறப்பதைப் பற்றி நம் மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் நம் பகையை மறப்பதைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

லிஸ்பனில் சர்வதேச ஜூடோ போட்டி நடக்கப்போவதாகவும், தொண்டர்கள் தேவை என்றும் எங்கள் பகுதி ஜூடோ மன்றத்தில் சொன்னார்கள். அங்கே மெத்தை விரிப்பதும் அடுக்குவதும் என் ஓய்வுக்காலப் பணி. பெயர் கொடுத்தேன். இந்திய அணியில் மேலாளர் யார் என்று பார்த்தேன்: துரைராஜ். பார்த்ததை ரீத்தாவிடம் சொன்னேன். முதன்முறையாக முழுக் கதையையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஒரு கிலோவுக்காகவா அப்பா? இத்தன வருசமா?" என்றாள்.

"ஒரு கிலோகூட இல்லம்மா. அதுக்கும் கொறச்சல்தான்."

"அப்ப விட்ருங்க."

அவள் என்னைக் கடிந்து சொல்லவில்லை, அன்போடுதான் சொன்னாள். ஆயினும் அந்த இடத்தில்தான் நான் இந்நாட்டில் எவ்வளவு தனியன் என்று உணர்ந்தேன். என் வீட்டில் என் பகைவரை வெறுக்க என்னையன்றி ஒருவரும் இல்லை.

அலுவலர்கள் எனக்கு ஒதுக்கிய பணி, ஆண்களின் எடைபார்க்கும் அறைக்கு வெளியே இருந்த சரிபார்ப்புத் தராசு. போட்டிக்கு முதல்நாள் மாலையில் எடை பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் தராசில் வீரர் ஒருமுறைதான் ஏறலாம். கூடினால் அவர் போட்டியில் இல்லை. அதற்குமுன் வெளியே இருக்கும் தராசில் எத்தனை முறையும் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வகை. ஒன்றாகச் சரிபார்த்து வைத்தவை. எண் காட்டும் திரை மேசைமேல் தொண்டரின் பக்கம் திரும்பியிருந்தது; ஏறுபவருக்குத் தெரியாது. அதைப் படித்துச் சொல்வது தொண்டரின் வேலை.

ஆம். துரைராஜின் வீரனுக்கு எடை படித்துச் சொல்லும் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். நான் கேட்டுப் பெறவில்லை. ஆனால் அன்றிரவு முதல் ஒரே ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பழகினேன்: எடை சரியாத்தான் இருக்கு.

6

அறுபது கிலோ பிரிவில் வந்த இந்திய வீரன் தமிழன். விளாத்திகுளத்துக்காரன். பெயர் முத்துச்செல்வம். மூன்று சட்டைகளை மாட்டிக்கொண்டு, கன்னம் ஒட்டி வந்து நின்றான். உதடு வெடித்திருந்தது. அந்த உதட்டை நான் அறிவேன்.

பின்னால் நீல மேலங்கியில் துரைராஜ். தலை வெளுத்திருந்தது. உடம்பு பெருத்திருந்தது. இப்போது எந்தப் பிரிவிலும் அவரை அடைக்க முடியாது. என் மார்பில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அதில் "மரியான்" என்றிருந்தது. உள்ளூர்க்காரன் என்று நினைத்து ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார்.

"ஏறுலே," என்றார் வீரனிடம். "ஓட்டல் தராசுல அம்பத்தொம்பதே முக்கால்தான காட்டுச்சு. சும்மா ஏறிப் பாரு."

முத்துச்செல்வம் சட்டைகளைக் கழற்றிவிட்டு ஏறினான். எண் நின்றது. அறுபதுக்கு மேல் முந்நூறு கிராம்.

நான் பழகி வைத்திருந்த வாக்கியம் நாவில் இருந்தது. சொல்லியிருந்தால், அவன் நேரே உள்ளே போயிருப்பான். வெளியேற்றியிருப்பார்கள். துரைராஜ் தலைகுனிந்து ஊருக்குத் திரும்பியிருப்பார். ஆனால் அவரோடு கூட அந்த வெடித்த உதட்டுப் பிள்ளையும் திரும்பியிருப்பான். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் காத்திருக்கும். என் பகை அவனோடு அன்று. இதைக் கருணை என்று யாரும் எண்ண வேண்டா. குறி தவறக் கூடாது என்பதுதான்.

தமிழிலே சொன்னேன். "தம்பி, முந்நூறு கிராம் கூட இருக்கு. ஓட்டல் தராசு கொறச்சுக் காட்டியிருக்கு. உள்ள இருக்கதும் இதே தராசுதான். இன்னும் அரை மணி நேரம் கெடக்கு. சட்டையப் போட்டுட்டு ஓடுங்க, எறங்கிரும்."

துரைராஜின் முகம் மலர்ந்தது. "அட, தமிழா? நல்லவேளை அண்ணாச்சி, கடவுள் மாதிரி நிக்கீங்க. எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"தூத்துக்குடியா? அங்கன எங்க?"

"கடக்கரைத் தெரு. சங்கு குளிச்ச மரியான் மவன். சூசை."

அவர் என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "சோத்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"முழுசாச் சொல்லும்," என்றேன்.

அவர் தராசின் பக்கம் திரும்பினார். அதன் அடியில் குனிந்து பார்த்தார். ஒரு காலால் அதை நகர்த்தப் பார்த்தார். பின்பு வீரனின் தோளைப் பிடித்து இறக்கினார்.

"ஏலே முத்து, இந்தத் தராச நம்பாத. ஓட்டல்ல சரியாத்தான இருந்துச்சு? ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு நேரா உள்ள போ."

"சார், கூட இருக்குன்னு சொல்லுதாகளே."

"சொல்லுவான். எனக்குன்னே சொல்லுதான். ஒன்ன ஓடவிட்டு, மயங்க வச்சு, நாளைக்கு நிக்க முடியாம ஆக்கப் பாக்கான். இத்தன வருசமா மனசுல வச்சிருந்து, கிட்டங்கித் தராசுக்கு இங்கன வச்சுப் பதில் செய்யுதான்."

கிட்டங்கி என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. அது அவர் வாயிலிருந்து வந்தது.

முத்துச்செல்வத்தின் கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை. "எந்தக் கிட்டங்கித் தராசு சார்?" என்று கேட்டான்.

துரைராஜ் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சோத்துச் சூசைன்னு எங்களுக்குச் சொல்லுவீகளே. எடை பாக்குததுக்கு மொத நா சோறு தின்னு தோத்தவருன்னு. ஒவ்வொரு முகாமுலயும் சொல்லுவீகளே சார். அவுகளா இவுக?"

அந்தக் கதையை அவர் பாடமாகவே வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்தேயிராத பிள்ளைகள், ஆண்டுக்கு ஆண்டு, என் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

"அப்பம் அந்தத் தராசு தப்புன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா சார்?" என்றான் பையன். குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

பின்னால் வேறு நாட்டு வீரர்கள் வரிசையில் பொறுமையிழந்து நின்றார்கள். துரைராஜ் தம் மேலங்கியின் பொத்தானைப் போட்டார், கழற்றினார். முத்துச்செல்வம் அவரைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு புட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டு, மூன்று சட்டைகளையும் மாட்டிக்கொண்டு, நடைவழியில் ஓடத் தொடங்கினான்.

நேரம் முடியுமுன் திரும்பி வந்து என் தராசில் ஏறினான். நான் எண்ணைப் படித்தேன். உள்ளே போனான். சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். துரைராஜ் அப்போது அங்கே இல்லை.

7

மறுநாள் முத்துச்செல்வம் முதல் ஆட்டத்தில் ஒரு பெல்ஜியக்காரரைத் தோளுக்கு மேலாகத் தூக்கி முதுகு மெத்தையில் பட வீழ்த்தினான். அடுத்த ஆட்டத்தில் தோற்றான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எதிராளி வல்லவர். ஆட்டம் முடிந்து என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, ஊருக்குப் போயி நான் சொல்லுவேன்."

"என்னன்னு?"

"நீங்க சோத்துக்குத் தோக்கலன்னு. சாருக்கு முன்னாலயே சொல்லுவேன்."

எனக்கு அவன் செய்த உதவியின் அளவை அவன் அறியான். அவனுக்கு விடைகொடுத்துவிட்டு, அரங்கத்து உணவுக்கூடத்தில் ஒரு தட்டு மீன்சோறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்நாட்டாரும் நம்மைப் போலவே மீனையும் சோற்றையும் சேர்த்து உண்பவர்கள்.

துரைராஜ் வந்தார். நெடுநேரமாக என்னைத் தேடியிருக்க வேண்டும். எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரும்படி கை காட்டினேன்.

"சின்னப் புத்தி சூசை," என்றார். "இருவது வயசு. ஒங்கிட்ட ஜெயிக்க முடியாதுன்னு தெரியும். அவ்வளவுதான். மன்னிச்சிரு."

"எனக்குச் செஞ்சத நான் மன்னிச்சிரலாம். எங்க அய்யாகிட்டக் கேளும்."

"அவரு... இப்பம் இருக்காரா?"

"இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பையன் ஊருல போயிச் சொல்லிருவான்," என்றார் மெதுவாக. "நீயும் ஊர் மலருல எழுதுவியாமே."

"ஆமா, எழுதுவேன்."

"பேரு போடுவியா?"

"போடுவேன்."

எழுந்து போய் இன்னொரு தட்டு மீன்சோறு வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எடை சரியாத்தான் இருக்கு," என்றேன். "வயிறு நெறையச் சாப்பிடும்."

அவர் கரண்டியை எடுக்கவில்லை. நான் என்னுடையதை எடுத்தேன். மீனை முள் நீக்கி, சோற்றோடு பிசைந்து, அவசரமில்லாமல் உண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு பருக்கையும் எஞ்சாத பிறகு, பரிமாறும் மேசைக்குப் போய் மறுசோறு வாங்கிவந்து, அதையும் அவர் எதிரிலேயே உட்கார்ந்து உண்டேன்.